லைட் வந்தாச்சு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை. குடித்துவிட்டுப் பார்த்ததுமில்லை, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். உங்கள் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் ஒரு ஸ்பார்க் பிளக்கூட வாங்க முடியாது.

என் பெயர் முகைலா. இபாதானில், மொக்கோலா மேட்டுக்குக் கீழே எனக்கு ஜெனரேட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அதே இடம். ஊரே என்னை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடும். கூப்பிடட்டும், தகுதி இருக்கிறது. ஆனால் நான் சொல்வதை மட்டும் ஒரு ஆளும் காதில் வாங்கமாட்டான்.

அப்படி என்ன பெரிய ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்? ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே வை. ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி வை. புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் திருப்பி வை. ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதே. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பேட்டரியை மாதம் ஒரு தடவை சார்ஜ் போடு. அவ்வளவுதான். ஆட்டுக்குட்டிக்குச் சொன்னால்கூட இதற்குள் புரிந்திருக்கும். இவர்கள் தலையைத் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போய், திருடன் தூக்கிப் போய்விடுவான் என்று ஜெனரேட்டரை நடைக்குள் இழுத்து வைத்து, சங்கிலி போட்டு, இரும்புக் கதவையும் பூட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுப்பார்கள். திருடனுக்குப் பயப்படத் தெரியும். அந்தப் புகைக்குப் பயப்படத் தெரியாது. அதில் இருக்கும் விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

அதனால் ஒரு கட்டத்தில் நான் புத்தி சொல்வதை விட்டுவிட்டேன். கேலி செய்ய ஆரம்பித்தேன். புத்தி சொன்னால் வாய்தான் வலிக்கிறது, கேலி செய்தால் மனசாவது ஆறுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பதினொன்றாம் தேதி. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு போன் வந்தது.

"எஞ்சினியர் முகைலாவா? நான் ஃபோலாரின். பாலிடெக்னிக்ல பொருளாதாரம் எடுக்கிறேன். என் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது."

மறுக்கிறதாம். பெண் கேட்கப் போன இடத்தில் சொல்வதுபோல் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

ஆறு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒக்கே-அடோ பக்கம், ஒரு சந்தின் கடைசி வீடு. எதிரே ஒரு பெண் குடைக்குக் கீழே மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் விசிறியை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சோளத்தைத் திருப்பிப் போட்டாள்.

வீட்டில் மூன்று பேர். ஃபோலாரின், அவர் மனைவி போசெடே, அவள் தோளில் மூன்று மாதக் குழந்தை மயோவா. குழந்தைக்கு வேர்க்குரு, அழுதுகொண்டே இருந்தது. சந்தில் ஆறு நாளாகக் கரண்ட் இல்லை. குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். ஜெனரேட்டர் வீட்டோடு சேர்த்துக் கிடைத்ததாம், வாடகை வேறு பாதிதானாம். சொல்லும்போது ஃபோலாரினின் முகத்தில் அப்படி ஒரு சாமர்த்தியம். பாதி வாடகைக்கு ஏன் விடுகிறான் என்று அந்தப் பொருளாதார மூளை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"எங்க இருக்கு?" என்றேன்.

"நடையில."

நினைத்தேன். முன்னறையையும் படுக்கையறையையும் தாண்டிப் பின்கதவுக்குப் போகும் நடை. இரண்டு பேர் உரசிக்கொண்டுதான் போக முடியும். அதில் சுவரோரமாக, சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டர். கொக்கியில் சங்கிலி. புகைக்குழாய்க்கு நேரே, முழங்கால் உயரத்தில், புதிதாக அடித்த பச்சைப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு பழுப்பாக ஒரு கறை.

"ப்ரொஃபசர், இங்க இதுக்கு முன்னாடியே எவனோ ஓட்டியிருக்கான். பாருங்க, கரி."

"நல்லதாப் போச்சு. அப்ப இங்க வச்சு ஓட்டலாம்னுதானே அர்த்தம்?"

இப்படிப்பட்டவரிடம்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

குனிந்து பார்த்தேன். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை, துடைத்தெடுத்த மாதிரி இருந்தது. ஜெனரேட்டரை ரொம்ப நாள் மூடி வைப்பதானால் டேங்கைக் காலி செய்து வைக்க வேண்டும். இந்த ஊரில் அதைச் செய்தவனை நான் பார்த்ததேயில்லை. பரவாயில்லையே, முன்னால் இருந்தவன் ஒரு விஷயமாவது தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்துக் கிடந்தது. மைனஸ் ஒயரை முதலில் கழற்றினேன். பேட்டரியை வெளியே இழுத்தபோது பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம். அதற்குள் 14-3.

என் கடைக் குறி. சார்ஜுக்கு வரும் பேட்டரிகள் மாறிவிடாமல் இருக்க நான் போடுவது. யாருடையது என்று ஞாபகம் வரவில்லை. நாளைக்குப் பத்து பேட்டரி வரும், ஒவ்வொன்றோடும் ஒரு முட்டாள் வருவான். எல்லார் முகமும் எப்படி ஞாபகம் இருக்கும்?

"எத்தனை நாளா ஓடல?"

"வீடு ஒரு வருஷத்துக்கு மேல பூட்டியே கிடந்ததாம்."

மீட்டர் வைத்துப் பார்த்தேன். 12.6.

மறுபடி வைத்துப் பார்த்தேன். 12.6.

முழு சார்ஜ். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் கிடந்த பேட்டரி. அதற்குள் அது செத்துக் கல்லாகியிருக்க வேண்டும். என்ன நினைத்தேன் தெரியுமா? நம் கை பட்ட பேட்டரி அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது.

வெந்நீரில் சோடா உப்பு கலந்து முனைகளைக் கழுவித் துடைத்தேன். கம்பி பிரஷ் போட்டேன். ப்ளஸ் முதலில், மைனஸ் பிறகு, மேலே கொஞ்சம் கிரீஸ். ஃபோலாரின் புது பெட்ரோல் ஊற்றினார்.

"சரி, சங்கிலியை அவிழுங்க. வெளிய தூக்கி வச்சு ஸ்டார்ட் பண்ணுவோம்."

"வெளியவா? போன வாரம் பக்கத்து சந்துல ரெண்டு ஜெனரேட்டர் போயிருக்கு, எஞ்சினியர்."

"ஜெனரேட்டர் போனா வேற வாங்கலாம்."

"பின்கதவைத் திறந்து வச்சுக்கலாம். காற்றோட்டம் இருந்தா போதும். இது அடிப்படை இயற்பியல்."

"நீங்க பொருளாதாரம்தானே எடுக்கிறீங்க?"

போசெடே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபோலாரின் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மழை வந்தது. ஆறு ஐம்பது. தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டுவதுபோல் விழுந்தது. சந்து பத்து நிமிடத்தில் ஓடையாகிவிட்டது. ஜெனரேட்டரை வெளியே வைக்கவும் முடியாது, நான் வண்டியை எடுக்கவும் முடியாது.

குழந்தை விடாமல் கத்தியது. ஃபேன் வேண்டும் என்றாள் போசெடே. நூற்று இருபது பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றார் ஃபோலாரின்.

நான் ஒரு முடிவெடுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. சரி, ஓட்டட்டும். நானும் இங்கேதான் இருக்கப் போகிறேன். அரை மணி நேரத்தில் இந்த ஆளுக்குத் தலை வலிக்கும், வயிற்றைக் குமட்டும். அப்போது எழுந்து போய் நான் அணைப்பேன். 'இப்ப சொல்லுங்க ப்ரொஃபசர், இயற்பியல் என்ன சொல்லுது?' என்று கேட்பேன். அந்த ஒரு கேள்விக்காக உட்கார்ந்தேன். அந்த வீட்டில் மூன்று மாதக் குழந்தை ஒன்று இருந்தது, எனக்குத் தெரியும்.

ஏழு ஐந்து. பின்கதவைத் திறந்து வைத்தேன். சாவியைத் திருப்பினேன். முழுதாகத் திருப்பக்கூட இல்லை... ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி.

ட்ர்ர்ர்ர்ர்ர்.

விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. குழந்தை அழுகையை நிறுத்தியது. முன்னறையில் ஃபோலாரின் மேஜையில் தாள்களை விரித்தார். போசெடே சோபாவில் குழந்தையோடு சாய்ந்தாள். நான் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். பேசுவதானால் ஒருவருக்கொருவர் கத்த வேண்டியிருந்தது. நடையில் ஜெனரேட்டர், தலைக்கு மேல் மழை.

ஏழு பதினாறு.

"லைட் வந்தாச்சு..."

ஒரு குழந்தையின் குரல். தெருப்பக்கமிருந்து.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். ஜெனரேட்டர் ஓடும் வீட்டுக்குள் இருப்பவனுக்குக் கரண்ட் திரும்பி வந்தது எப்படித் தெரியும்? தெருவில் முதலில் பார்க்கும் குழந்தை கத்தும். அடுத்த வீடு கத்தும், அதற்கடுத்த வீடு கத்தும், இரண்டு நிமிடத்தில் மேடு முழுக்கக் கத்தும். உடனே வீட்டுக்கு ஒருவர் எழுந்து போய் ஜெனரேட்டரை அணைப்பார். பெட்ரோல் விற்கும் விலைக்கு, அந்தச் சத்தம் கேட்டபின் எவனும் அரை நிமிடம் கூட ஓடவிடமாட்டான்.

ஃபோலாரின் துள்ளி எழுந்து போய் அணைத்தார். மெயின் சுவிட்சை மாற்றிப் போட்டார்.

இருட்டு.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சந்து முழுக்க இருட்டு. வேறு எந்த வீடும் கத்தவில்லை. அந்த ஒரு குரல்தான்.

"தெருப் பசங்க விளையாடுறாங்க," என்றார் ஃபோலாரின். ஏழு பத்தொன்பதுக்கு மறுபடி ஓடவிட்டார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. கொட்டும் மழையில் எந்தப் பிள்ளை தெருவில் நிற்கும்? நாங்கள் பேசினாலே ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. அது மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது?

ஏழு இருபத்தெட்டு. மழைச்சாரல் பின்கதவு வழியாக நடைக்குள் அடித்தது. தண்ணீர் முன்னறை வரை வந்தது. போசெடே எழுந்து போனாள்.

டப்.

பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாடம் இன்னும் சீக்கிரம் நடக்கும் என்று நினைத்தேன்.

ஏழு முப்பத்து மூன்று.

"லைட் வந்தாச்சு..."

இந்தத் தடவை தெருவில் இல்லை. பக்கத்தில். ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துவதுபோல். தொண்டை கட்டிய குரல், சளி பிடித்த குழந்தை கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. சந்தோஷமே இல்லை அதில். கரண்ட் வந்த சந்தோஷத்தில் கத்தும் குழந்தையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இது வேறு. யாரோ சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்வதுபோல் இருந்தது.

போசெடே தள்ளாடிக்கொண்டு போய் அணைத்தாள்.

இருட்டு.

"யாருடைய பிள்ளை அது?" என்றாள்.

நான் போன் வெளிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே அடித்தேன். மழை. சேறு. கால் தடம் ஒன்றுகூட இல்லை.

ஃபோலாரின் எரிச்சலோடு போய் மறுபடி சாவியைத் திருப்பினார். ஏழு முப்பத்தெட்டு.

"இனிமே எவன் கத்தினாலும் நான் எழுந்திருக்கமாட்டேன்," என்றார்.

நானும் எழுந்திருக்கவில்லை. பின்கதவு சாத்தியிருப்பது ஞாபகம் இருந்தது. திறக்கணும் என்று நினைத்தேன். இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும் என்று நினைத்தேன்.

கொஞ்சம் தலை வலித்தது.

அவருக்கு வலிக்கட்டும் என்று காத்திருந்தவன் நான். எனக்கும் அதே மூக்குதான் என்பதை மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருட எஞ்சினியர்.

ஏழு ஐம்பத்தொன்று என்று போனில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எண்கள் கலங்கலாகத் தெரிந்தன. ஃபோலாரின் தாள்களின் மேல் தலை வைத்திருந்தார். கையில் சிவப்புப் பேனா அப்படியே இருந்தது. குழந்தை அழவில்லை.

குழந்தை அசையவும் இல்லை.

எழுந்திரு என்று எனக்கே சொன்னேன்.

கால் வரவில்லை.

ட்ர்ர்ர்ர்ர்ர்...

சுகமாக இருந்தது. அதுதான் கொடுமை. தூங்கிவிடலாம் போல் இருந்தது. கண் மூடியது...

எட்டு இரண்டு.

"லைட் வந்தாச்சு."

வீட்டுக்குள்.

நடையில்.

கண்ணைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடையில் யாருமில்லை.

"லைட் வந்தாச்சு... எஞ்சினியர்."

என் காதருகே.

நாற்காலியிலிருந்து விழுந்தேன். விழுந்தது நல்லதாகப் போயிற்று. ஊர்ந்தேன். முழங்கை, முழங்கால், முழங்கை. நடையில் சுவரைப் பிடித்தேன். ஜெனரேட்டர் சூடு முகத்தில் அடித்தது. சாவி...

சாவி கையில் பட்டது.

அதன் மேல் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. சின்ன விரல். திருப்பப் பார்த்தது. பலம் போதவில்லை.

நான் திருப்பினேன்.

அமைதி.

பின்கதவைத் தோளால் இடித்தேன். இரண்டாவது இடியில் திறந்தது. மழையும் காற்றும் முகத்தில் அறைந்தன. வாய் நிறையக் காற்றை விழுங்கினேன். திரும்பிப் போய்க் குழந்தையைத் தூக்கினேன். வெளியே வந்து மழையில் மல்லாத்தினேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று...

இருமியது. பிறகு அழுதது. அந்த அழுகையைப்போல் ஒரு நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

போசெடேயைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஃபோலாரினைக் காலைப் பிடித்து இழுத்தேன், வாசற்படியில் தலை இடித்தது, அதற்கு நான் வருத்தப்படவில்லை. இருவரும் சேற்றில் கிடந்து வாந்தி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து டார்ச்சோடு ஓடி வந்தார்கள். எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு பேரும் பிழைத்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டியை எடுக்கப் போனேன். தலை இன்னும் கனத்தது. சோளம் சுடும் பெண் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சந்தில் அவளைச் சிலிஃபாத் அம்மா என்று கூப்பிடுகிறார்கள்.

"நேத்து ராத்திரி லைட் வந்தாச்சுன்னு கத்தினது உங்க வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எஞ்சினியர், உங்களுக்குப் புகை இன்னும் இறங்கலயா? அந்தக் கம்பத்தைப் பாருங்க."

பார்த்தேன். கம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. எரிந்துபோனதைத் திங்கட்கிழமையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நான்கு போல்ட்டு மட்டும் துருப்பிடித்து நின்றது.

"எங்க சந்துப் பிள்ளைங்களுக்கே தெரியும், இப்போதைக்கு வராதுன்னு. எவன் கத்துவான்?"

அவள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை தடவை கேட்டுச்சு?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"மூணு."

"எத்தனை மணிக்கு?"

சொன்னேன். அவள் தலைத்துணியின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் அந்த வீட்டுல கசீமுன்னு ஒரு தையல்காரன் இருந்தான். பொண்டாட்டி, ஒரே பொண்ணு. ருகாயத். ஆறு வயசு. மூணு வாரமா அவன் ஜெனரேட்டர் ஓடல, பேட்டரி செத்துப் போச்சு. அன்னிக்குத்தான் எங்கயோ கொண்டுபோய் சார்ஜ் போட்டுக்கிட்டு வந்தான். ராத்திரி ஓட்டினான். அதே நடையில. ஏழே கால் இருக்கும், அந்தப் பொண்ணு உள்ள இருந்து 'லைட் வந்தாச்சு'ன்னு கத்துச்சு. வரவே இல்ல. கசீமு அணைச்சுப் பார்த்துட்டு மறுபடி போட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கத்துச்சு. மறுபடி அணைச்சு மறுபடி போட்டான். அவன் திட்டினது இங்க கேட்டுச்சு. எட்டு மணிக்கு மூணாவது தடவை... அப்ப அவன் எழுந்திருக்கல. நான்தான் இங்கிருந்து சத்தம் போட்டேன், பொய் சொல்ற வாயில மிளகாய வச்சுத் தேய்ப்பேன்னு. அதுக்கப்புறம் அது கத்தல."

அவள் கருகிப்போன ஒரு சோளத்தை எடுத்துக் கீழே போட்டாள்.

"ஒன்பது மணிக்கு நிஜமாவே லைட் வந்துச்சு. சந்தே கத்திச்சு. எல்லா வீட்டுலயும் அணைச்சாங்க. அவன் வீட்டுல மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாரு, தையல்காரனுக்குப் பணம் கொழுத்துப் போச்சுன்னு சிரிச்சோம். விடியக்காலம் டேங்க் வறண்டு தானா நின்னுச்சு. அப்புறந்தான் கதவை உடைச்சோம்."

"எந்தத் தேதி?" என்றேன்.

"மார்ச் பதினாலு."

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஸ்டார்ட் செய்யக் கை வரவில்லை. சந்து முனை வருவதற்குள் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

கழுத்தில் அளவு டேப்போடு ஒரு ஒல்லி ஆள். அவன் தோளில் பேட்டரி. பின்னாலேயே ஒரு சின்னப் பெண், கையில் வறுத்த கடலைப் பொட்டலம், மூக்கு ஒழுகிக்கொண்டு, தொண்டை கட்டிப்போய்.

"ஜெனரேட்டரை எங்க வச்சிருக்கே?" என்று கேட்டிருந்தேன்.

"நடையிலதான், எஞ்சினியர். வெளிய வச்சா போயிடும்."

"எதுக்கு நடையில? கட்டில்ல நடுவுல படுக்க வச்சுக்கோ. பொண்டாட்டி கோவிச்சுக்கமாட்டா."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் அவனுக்கு வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். கேலி இன்னும் பாக்கி இருந்ததால் அந்தப் பெண்ணிடம் குனிந்தேன்.

"உங்கப்பனுக்குப் புரியாது. நீ ஒண்ணு பண்ணு. அது ஓடும்போது தலை வலிச்சா, தூக்கம் தூக்கமா வந்தா, லைட் வராட்டியும் 'லைட் வந்தாச்சு'ன்னு கத்து. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்கப்பன் எழுந்து போய் அணைப்பான்."

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கடலையை மென்றுகொண்டே யோசித்தாள்.

"அப்பவும் அணைக்கலைன்னா, எஞ்சினியர்?"

"அணைக்கிற வரைக்கும் கத்து," என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினாள்.